இடப்பக்க இருக்கை

என் மனைவி பெல்ட் அணிய மறந்ததால் அடிபடவில்லை. அணிய முடியாதபடி அவளது இருக்கையை நான் வைத்திருந்ததால் அடிபட்டாள்.

இரண்டு ஆண்டுகளாக இந்த இரு வாக்கியங்களையும் எழுதிக் கிழித்திருக்கிறேன். இன்று கிழிக்கப் போவதில்லை. நீங்கள் அவளைப் பார்த்திருக்கக்கூடும்... மைசூரின் ஏதோ ஒரு கல்லூரி அரங்கில், இடக்கண் பார்வை இழந்த ஒருத்தி, ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டு, "நான் பெல்ட் போடவில்லை, அதனால்தான் உங்கள் முன் இப்படி நிற்கிறேன்" என்று கன்னடத்தில் சொல்லியிருப்பாள். நீங்கள் கைதட்டியிருப்பீர்கள். அவள் மனமறிந்து பொய் சொல்லவில்லை. அந்தப் பொய்யை அவளுக்குக் கொடுத்தவன் நான்!

எங்களிடம் பழைய கார் ஒன்று இருந்தது. அதன் முன்னிருக்கைகள் குழிவிழுந்து போயிருந்தன. தேவகிக்கு இடுப்பு வலி. "ஏனுங்க, வண்டிய மாத்தீரலாமுங்க. ஹனூருக்கு எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிட்டு வந்தா ரெண்டு நாளைக்கு நிமிர முடியறதில்ல" என்றாள்.

நான் சமூகவியல் படித்தவன். ஓடும் வண்டியை வீசிவிட்டு இன்னொன்றை வாங்குவது எத்தகைய நுகர்வு வெறி என்று அவளுக்கு நெடுநேரம் விளக்கினேன். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். "கண்ணாலத்தப்பவே சொல்லியிருந்தா சீர்வரிசையோட ஒரு கரும்பலகையும் கொண்டாந்திருப்பனுங்க" என்றாள்.

கொள்கையும் கெடாமல் அவள் வலியும் தீர ஒரு வழி கண்டேன். அதே காரின் புதிய மாடல் ஒன்று, பின்புறம் நசுங்கி, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்துக்கு வந்திருந்தது. முன்னிருக்கைகள் இரண்டும் புதிதுபோல் இருந்தன. அவற்றை வாங்கி, எங்கள் வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக் ரவியிடம் கொடுத்தேன்.

வண்டித் தரையில் இருந்த துளைகள் பொருந்தவில்லை. இரும்புத் தகடுகள் வைத்து அவர் பொருத்தினார். மாலையில் என்னை அழைத்துக் காட்டினார்.

"சீட்டு கச்சிதமா உக்காந்துருச்சு சார். ஆனா பெல்ட் பழசு, சீட்டோட வந்த பூட்டு புதுசு. பெல்ட்டோட நாக்கு அந்தப் பூட்டுல போகாது. பழைய பூட்டையே கழட்டி இதுல வெச்சுத் தரேன். இன்னைக்கு ஒரு பக்கம்தான் ஆகும். எந்தப் பக்கம், ஹேளி சார், சொல்லுங்க."

எந்தப் பக்கம்... எவ்வளவு எளிய கேள்வி!

"டிரைவர் பக்கம்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. ஓட்டுபவன் பத்திரமாக இருந்தால்தானே எல்லோரும் பத்திரம் என்று பிறகு எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

"நாளைக்கு அந்தப் பக்கத்துக்கு வந்துருங்க. சும்னே விட்டுராதீங்க சார், ரிஸ்க் பேடா, வேண்டாம்."

மறுநாள் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. நான்கு மாதங்கள்! என்ன தடுத்தது என்று கேட்கிறீர்களா? ஒன்றுமே தடுக்கவில்லை. அந்த நான்கு மாதங்களில்தான், ஒரு பள்ளியின் முன்னால் வேகத்தடை கேட்டு வீடுவீடாகக் கையொப்பம் திரட்டினேன். பிறர் பிள்ளைகளுக்காக நடக்க நேரமிருந்த எனக்கு, என் மனைவிக்காக ஒரு பூட்டை மாற்ற நேரமில்லை.

முதல் நாளே தேவகி கேட்டாள். "இது மாட்ட மாட்டேங்குதுங்க."

"குறுக்க இழுத்துத் தொடைக்கு அடியில செருகிக்கோ. ரோட்டுக் கேமராவுல மாட்டின மாதிரிதான் தெரியும்."

அவள் சிரித்தாள். "கேமராவ ஏமாத்தறதுக்கா இத்தன படிப்பு?"

அதன்பின் அவள் கேட்கவில்லை. ஏறியதும் பெல்ட்டை இழுப்பாள், செருகுவாள், இடுப்பு வலி குறைந்திருக்கிறது என்று மகிழ்வாள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாண்டி மைசூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு நண்பகல். முன்னால் போன லாரி நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன்... போதவில்லை. என் பெல்ட் என்னை இருக்கையோடு இறுக்கிப் பிடித்தது. அவளைப் பிடிக்க எதுவுமில்லை. மற்றதை என்னால் எழுத முடியாது.

தேவகிக்கு நினைவு திரும்பப் பல நாட்களாயின. அந்த நாளும், அதற்கு முந்தைய சில மாதங்களும் மட்டும் திரும்பவே இல்லை. புது இருக்கை வந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஹனூரிலிருந்து அவள் அண்ணன் மருத்துவமனைக்கு வந்தார். அழுகையை மறைக்கத் திட்டினார். "அந்த வாரை இழுத்து மாட்டறதுக்கு உனக்குக் கையி வலிச்சுதா புள்ள? மாப்பிள்ளயப் பாரு, மாட்டியிருந்தாரு, மேல ஒரு கீறலு இல்ல!"

அவள் கட்டுக்குள்ளிருந்த முகத்தை மெல்ல என் பக்கம் திருப்பினாள்.

"நான் மாட்டலீங்களா?"

இந்த இடத்தில் நான் என்னை நிறுத்திப் பார்க்கிறேன்... தினமும் நிறுத்திப் பார்க்கிறேன். ஒரு மூச்சு விடும் நேரம் இருந்தது. சொல்லியிருக்கலாம்.

"மாட்டல" என்றேன்.

அந்தச் சொல்லில் பிழையுண்டா? அவள் மாட்டியிருக்கவில்லை என்பது மெய்தானே! மெய்யான ஒரு சொல்லைக் கொண்டு ஒருத்தியின் மீது இவ்வளவு பெரிய பழியைச் சுமத்த முடியும் என்பதை எந்த வகுப்பிலும் எனக்குக் கற்பிக்கவில்லை.

ரவி ஒருமுறை ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தார். வராந்தாவில் என்னைத் தனியே அழைத்து, "அக்காகிட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்றார். "சொல்றேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதன்பின் நான் அவருடைய பட்டறை இருக்கும் தெருவுக்கே போவதில்லை.

வீடு திரும்பிய பிறகு தேவகியே ஒரு முடிவெடுத்தாள். தான் செய்த தவற்றை இன்னொருவர் செய்யக்கூடாதாம்! கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதினாள். அழைத்தார்கள். நான்தான் அவளைக் காரில் அழைத்துச் செல்கிறேன். கடைசி வரிசையில் நின்று, செய்யாத குற்றத்தை அவள் ஒப்புக்கொள்வதைக் கேட்கிறேன். கேட்ட மாணவர்கள் உண்மையாகவே பெல்ட் அணிகிறார்கள். என் பொய்யால் யாரோ ஒருவர் உயிரோடு இருக்கலாம். அந்தக் கணக்கைக் காட்டித் தப்பிக்கவும் நான் முயன்றதுண்டு. முடியவில்லை... அவளுக்கு அதில் என்ன கிடைத்தது?

சொன்னால் என்ன ஆகும்? படியிறங்க அவள் பிடிப்பது என் கையைத்தான். பார்வையில்லாத பக்கத்தில் வரும் வண்டியைச் சொல்வது என் குரல்தான். இந்தக் கையையும் குரலையும் அவளிடமிருந்து பறிக்க வேண்டுமா? இப்படிக் கேட்டுக்கேட்டே ஊமையாக இருக்கிறேன். இது அவளுக்காகவா, எனக்காகவா? விடை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

சென்ற வாரம், ஒரு கல்லூரியில் பேசி முடித்து வந்தவளைக் காரில் உட்கார வைத்தேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"எல்லார்த்துகிட்டயும் சொல்றேன், உங்ககிட்ட மட்டும் இதுவரைக்கும் கேட்டதில்லீங்க. என்ற அசட்டையால உங்க வாழ்க்கையுமில்ல பாழாப் போச்சு. என்னை மன்னிச்சிருங்க."

வளாகத்தில் மாணவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் வாய் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன்... அவள் மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுட்டேன் தேவகி" என்றேன்.

அவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தானுங்க மனசு லேசாச்சு" என்றாள்.