ஒன்பது கிராம் ஆக்சாலிக் அமிலம்

கெமிஸ்ட்ரி வாத்தியார் வேலையில் நெடி, புகை, அமிலம் எல்லாவற்றையும் தாங்கிவிடலாம், மோல் பாடத்தை மட்டும் தாங்க முடியாது. அதை நடத்தி நொந்துபோன சகாக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெருக்கலா, வகுத்தலா?

திருப்பதியில், அலிபிரி போகும் வழியில் ஒரு தனியார் ஜூனியர் கல்லூரி. ஒரு வருட ஒப்பந்தம். நல்ல பெயர் எடுத்தால் நிரந்தரம் என்றார் பிரின்சிபால். முதல் வாரமே மோல் பாடம். எடையை மூலக்கூறு எடையால் வகுத்தால் மோல் என்று, முப்பத்தாறு கிராம் தண்ணீரை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினேன். அந்த வகுப்பை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

கடைசி பெஞ்சிலிருந்து வடமாலபேட்டை கல்பனா எழுந்தாள். "பெருக்கணுமா, வகுக்கணுமா, அத்த மட்டும் சொல்லு சார். மோல்னா இன்னான்னு பரீட்ச முடிஞ்சி தெரிஞ்சிக்கிறேன்."

அட்டெண்டரின் சந்தேகம்

லேப் அட்டெண்டர் முனிரத்தினம் நகரிக்காரர். இருபது வருடமாக அதே தராசு. பிராக்டிகல் தேர்வுக்கு முந்தின நாள், ஒரு லிட்டருக்குப் பத்தில் ஒரு மோல் ஆக்சாலிக் அமிலம் கரைக்க வேண்டும். மூலக்கூறு எடை தொண்ணூறு, ஆகவே ஒன்பது கிராம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எம்.எஸ்சி. படித்தவனையே சந்தேகப்படுகிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. "சொன்னதச் செய்யுங்க" என்றேன். இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

நிறுத்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: "செஞ்சிக்கினுதான் கீறேன் சார். வருசா வருசம் பன்னெண்டரைக்கு மேல வெப்போம், இந்த வருசம் இன்னா ஒம்போதோட நின்னுபூடுச்சி?"

சித்தூர்த் தேர்வாளர்

மறுநாள் சித்தூரிலிருந்து வந்த தேர்வாளர், அந்த அமிலத்தை வைத்துப் பிள்ளைகள் சோதனை செய்து எழுதிய ஒவ்வொரு தாளையும் தன்னிடமிருந்த சரியான விடையோடு ஒப்பிட்டு, வரிசையாக மார்க்கைக் குறைத்துக்கொண்டே வந்தார். கல்பனாவின் தாள் வந்தபோதுதான் அமில பாட்டிலின் லேபிள் என் கண்ணில் பட்டது. மூலக்கூறு எடை நூற்று இருபத்தாறு! படிகத்துக்குள் தண்ணீரும் உண்டு. அதன் எடையை நான் சேர்க்கவே இல்லை. வாயைத் திறந்தால் என் வேலை போகும். மூடிக்கொண்டால் முப்பது பிள்ளைகளின் மார்க் போகும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தேர்வாளரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் சரியான எடையை வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டு, எல்லாருடைய மார்க்கையும் திருத்தினார். பிறகு பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். "முப்பது பேரும் ஒரே அளவுக்குத் தப்பு பண்ணிக்கிறாங்க. பசங்களுக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்துக்கிறீங்க சார்."

பிள்ளைகள் தேறிவிட்டார்கள், பிரின்சிபால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, இப்போது ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் மோல் கணக்கை மிஷினே போட்டுவிடுவதால் தப்புப் பண்ணக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.