கைக்கு இன்னா லீவு?

போன வாரம் என் காலைப் பொழுதெல்லாம் களம்பூர் ரோட்டில் ஒரு ரைஸ் மில்லின் நெல் காயவைக்கும் களத்தில் போனது. நெல் வாங்க அல்ல. பந்து பிடிக்க. ஐம்பது தாண்டிய வயதில்!

மகள் நிவேதா காலேஜில் பேஸ்பால் ஆடுகிறாள். அவுட்ஃபீல்டர். அதாவது மைதானத்தின் எல்லையோரம் நிற்பவள். அங்கே விழும் பந்தை எடுத்து ஒரே வீச்சில், பேட் செய்கிற இடமான ஹோம் பேஸுக்கு அனுப்ப வேண்டும். இவள் எறிந்தால் பாதி வழியிலேயே விழுந்துவிடுகிறதாம். ஞாயிற்றுக்கிழமை யூனிவர்சிட்டி டீமுக்கு செலக்‌ஷன். அவளுக்கு இது கடைசி வருஷம்.

அதனால் தூர வீச்சுப் பயிற்சி. முதலில் பக்கத்தில் நின்று எறிவாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போவாள்... களத்தின் மறுகோடி வரைக்கும். எதிரே பந்தைப் பிடித்துப் போட ஓர் ஆள் வேண்டாமா? வீட்டில் சும்மா இருப்பது யார்? பத்தி எழுதுகிறவன்தான்.

அவ்வளவு தூரம் திருப்பி எறிய என்னால் ஆகாது. பாதிக் களம் நடந்து போய்த்தான் எறிவேன். மூன்றாம் நாளே இடுப்பு விட்டுப்போனது.

"நாளைக்கு ஒரு நாள் லீவு வுடும்மா."

"பேஜார் பண்ணாதப்பா. நம்ம தறிக்கே அமாவாசைக்குத்தான் லீவு. கைக்கு இன்னா தனியா லீவு?"

தறி ஓடும் வீட்டில் பிறந்த பெண். மறுநாளும் போனேன்.

வியாழக்கிழமை அவள் எறிந்த பந்து என்னை எட்டவில்லை. அடுத்தது பாதிக் களம்கூட வரவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பயந்துபோய் அவளுடைய கோச் மேடத்துக்கு போன் செய்தேன்.

"ஒரு நாள் வுட்டு ஒரு நாள்தானே எறியச் சொன்னேன்? தெனம் எறிஞ்சிகினு இருந்தாளா? நீங்க கூடத்தானே சார் இருந்தீங்க?"

இருந்தேன். லீவு கேட்டதே நான்தான்!

நிவேதா மில் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்டப்பா."

திட்ட வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

தசைதான் சோர்ந்திருக்கிறது, ஞாயிறு வரை பந்தைத் தொடாதே என்றார் டாக்டர். எறிந்த நாட்களைவிட, சும்மா இருந்த அந்த இரண்டு நாட்கள்தான் அவளைப் படுத்தி எடுத்தன. 'இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு' என்று சொல்ல நமக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 'போதும், உட்கார்' என்பவனுக்கு மட்டும் சோம்பேறி என்று பெயர். களைத்துப்போனவன் சொல்வதிலும் விஷயம் இருக்கலாம் என்று என்றைக்காவது ஒத்துக்கொள்கிறோமா?

ஞாயிற்றுக்கிழமை முதல் வீச்சு நேராக ஹோம் பேஸுக்கே போனது. நானே எழுந்து கைதட்டினேன். அதற்குப் பிறகு வந்தவையெல்லாம் முன்னாலேயே விழுந்தன. சாயங்காலம் லிஸ்ட்டில் கடைசியில் அவள் பெயர் — ரிசர்வ்.

ஊர் திரும்பும் ஆரணி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். எனக்கோ சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று புரியாத களைப்பு.

"ரிசர்வுன்னா பெஞ்சுல உக்காந்துகினே இருக்கணும்பா. என்னால முடியுமா?"

"அதுக்கு ப்ராக்டீஸ் பண்ணணும்மா."

சும்மா உட்காருவதில் எனக்கு நிகரான கோச் இந்த ஜில்லாவிலேயே கிடையாது!