எங்கள் சொஃப்ட்போல் முதலாளி ஒதுங்கிய கோடை

போன கிழமை பல் வைத்தியரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் சத்தத்தைக் குறைத்துத் தொலைக்காட்சியை ஓட விட்டிருந்தார்கள். அமெரிக்காவில் பெயர்போன பேஸ்போல் அணியொன்றின் முதலாளி, உடம்பு முடியாமல் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறாராம். கிழவர் காரில் ஏறுகிறார். தலை இடிபடாமல் யாரோ மேலே கையை வைத்துப் பிடிக்கிறார்கள். அவ்வளவுதான் செய்தி. அடுத்தது வானிலை. நான்தான் கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தேன். உள்ளே கூப்பிட வந்த பெண், இந்த ஆள் ஊசிக்குப் பயந்துவிட்டான் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தாள். நானும் பயந்தவன் போலவே அவள் பின்னால் போனேன். விளக்கம் சொல்வதைவிட அது சுலபம்.

எனக்கும் அப்படி ஒரு முதலாளி இருந்தார். சம்பளம் தந்த முதலாளி இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் எனக்குச் சம்பளம் தந்தது நியூசிலாந்தின் ஆக்லாந்தில், ஈஸ்ட் டாமாக்கியில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலை. நான் சொல்வது திருச்செல்வம் அண்ணையை. மாசி என்ற புறநகரில் டெயரி வைத்திருந்தார். இந்த நாட்டில் மூலைக்கடைக்கு அதுதான் பெயர். நான் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பால் வாங்கப் போன என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊரில எல்லே விளையாடினனீரோ?"

"பள்ளிக்கூடத்தில கொஞ்சம்."

"காணும். சனிக்கிழமை காலமை கடைக்கு முன்னால வந்து நில்லும்."

எல்லே தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அது இலங்கையின் விளையாட்டு. மூங்கில் தடியால் டென்னிஸ் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடவேண்டும். ஓடுகிறவன் மேல் பந்தை எறிந்து பட்டால் அவன் ஆட்டமிழந்தான். நியூசிலாந்துக்காரர் உயிரை விடும் சொஃப்ட்போலுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி, சொஃப்ட்போலில் மட்டும் ஆள்மேல் எறியக்கூடாது. அந்த உறவை ஆக்லாந்தில் முதலில் கண்டுபிடித்தவர் திருச்செல்வம் அண்ணை. மகள் வதனியைச் சின்ன வயதில் பள்ளிக்கூட சொஃப்ட்போலுக்குக் கூட்டிப்போய், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று விதிகளைப் பாடமாக்கினார். அவள் பல்கலைக்கழகம் போன வருடம் எங்கள் அணியைத் தொடங்கினார். ஆணும் பெண்ணும் கலந்து ஆடும் சனிக்கிழமைப் போட்டிகள் அவை. எங்களில் உண்மையாக ஆடத் தெரிந்தவள் வதனி ஒருத்திதான்.

சட்டை அவருடையது, தடிகள் அவருடையவை, எங்களை அள்ளிப்போகும் வான் வண்டியும் அவருடையது. அந்த வானின் மணம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. புக்கெகோஹித் தோட்டங்களில் வெங்காயம் தரம்பிரிக்கும் இரண்டு பேர் ஏறினால் வெங்காயம், அதன்மேல் நோவெண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலே, அண்ணையின் மனைவி பரமேஸ் அக்கா சுடச்சுடக் கட்டித் தரும் மீன் கட்லட். ஆட்டம் முடியும்வரை அந்தப் பெட்டியைத் திறக்க முதலாளி விடமாட்டார். அடிக்கும் வரிசை, நிற்கும் இடம், தண்ணீர் குடிக்கும் நேரம், எல்லாம் அவர் கையில். கப்டன் என்று ஒருவர் இருந்தார், பேருக்கு. கிள்ளானிலிருந்து வந்த மலேசியத் தமிழர் ராஜன். நன்றாகப் பந்து வீசுவார். அவர் வாய் திறப்பதற்கு முன் முதலாளி கத்தி முடித்திருப்பார்.

என்னை வலது பக்கத் தூரத்து மூலையில் நிறுத்தினார். காரணமும் சொன்னார். "நீர் அங்க நில்லும். பந்து வந்தாலும் எங்களுக்குப் பெரிய நட்டமில்லை." அந்த மூலையில் நின்றுதான் ஆக்லாந்தின் மேகங்களை எல்லாம் பார்த்து முடித்தேன்.

ஆனாலும் சொல்கிறேன், அந்தக் காலத்தில் என் பெயரை யாராவது எதிர்பார்த்துக் கூப்பிட்டது அந்த மைதானத்தில்தான். தொழிற்சாலையில் என் பெயரை யாராலும் சொல்ல முடியவில்லை. ஊரிலிருந்து சண்டையும் இடம்பெயர்வுமாகவே செய்தி வந்துகொண்டிருந்தது. வான் வண்டியில் ஏறினால் ஒரு காலை முழுக்க அதைப் பற்றிக் கதைப்பதில்லை. அதுவும் முதலாளியின் சட்டம்.

பிறகு அவர் பெயர்களை மாற்றிச் சொல்லத் தொடங்கினார். ராஜனை வேறு யாரோ பெயரால் கூப்பிட்டார். முடிந்த ஆட்டத்துக்கு மறுபடி வரிசை அறிவித்தார். நாங்கள் சிரித்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார். வதனி மட்டும் சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில். எதிரணியில் ஒரு சமோவா வாலிபர், ஆள் கதவளவு இருப்பார், அடித்துவிட்டு ஓடினார். பந்து கோட்டுக்கு வெளியே உருண்டு முதலாளியின் காலடிக்கு வந்தது. குனிந்து எடுத்தார். அந்த வயதில் அப்படி ஒரு எறியை நான் எதிர்பார்க்கவில்லை. பந்து ஓடியவரின் முதுகில் படீரென்று விழுந்தது. அவர் முழங்காலில் சரிந்தார். முதலாளி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார்.

"அவுட்! பட்டிட்டுது! ஆள் அவுட்!"

நடுவர் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார். எதிரணி முழுக்க எழுந்து வந்தது. முதலாளி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கை மெல்ல இறங்கியது. முகத்தில் இருந்த சந்தோசம் போன வேகத்தை என்னால் மறக்க முடியாது. விழுந்தவர்தான் முதலில் எழுந்து வந்தார். முதலாளியின் கண்களைப் பார்த்தார். தன் அணியைக் கையால் விலக்கிவிட்டு, அவரைத் தோளோடு அணைத்துக் கதிரைவரை கூட்டிப்போய் இருத்தினார்.

வானை அன்று நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். கடைக்குப் பின்னால் இருந்த குசினியில் வான் திறப்பை வைத்துவிட்டு வரத்தான் உள்ளே போனேன். பரமேஸ் அக்கா என்னை இருக்கச் சொன்னா. வெளி ஆள் இருந்தால் தான் அழமாட்டேன் என்று நினைத்தாவோ என்னவோ.

"பிள்ளை, நீயே சொல்லு," என்றா மகளிடம். "நான் சொன்னா மனுசன் தாங்காது."

வதனி வீட்டில் எதற்கும் இங்கிலீசில்தான் பதில் சொல்வாள். அன்று தமிழில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

"அப்பா, இனி டீமை நான் பாக்கிறன். நீங்க... நீங்க இருந்து பாருங்கோ."

மேசையில் இருந்த அவர் பந்து எறிந்த கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அந்தப் பெடியனுக்கு முதுகு நோகுதாமோ?"

"இல்லையப்பா. ஹி இஸ் ஃபைன்."

"நான் ஊர்ப் பள்ளிக்கூடக் கிறவுண்டில நிண்டனான் பிள்ளை. சத்தியமா. வேப்பமரம் தெரிஞ்சுது." பிறகு சொன்னார்: "நீ ஒண்டும் சொல்லாத. நீ சொன்னா, மகள் தேப்பனை விலத்திப்போட்டாள் எண்டு கதைப்பாங்கள். நானே சொல்லுறன்."

அடுத்த சனிக்கிழமை, கோயிலுக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எங்களை வட்டமாக நிற்கச் சொன்னார்.

"எனக்குக் கடையில வேலை கூடிப்போச்சு. இண்டையில இருந்து வதனிதான் எல்லாம். அவள் சொல்லுறதைக் கேளுங்கோ."

கடையில் வேலை கூடவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் தலையாட்டினோம். ராஜன்தான் குரல் உடையாமல் பேசினார்: "ஆமா அங்கிள், நீங்க கடைய பாருங்க. நாங்க சமாளிச்சிக்கிறோம் லா."

ஆட்டம் தொடங்கியதும் பழக்கதோசத்தில் எழுந்தார். கத்துவதற்கு வாயைத் திறந்தார். நினைவு வந்தது. மெதுவாக உட்கார்ந்தார். அன்றைக்கு எத்தனை தரம் அப்படி எழுந்து இருந்தாரோ, நான் பார்க்காமல் மேகத்தைப் பார்த்தேன். நாங்கள் வென்றோம். கட்லட்டை யாரும் தொடவில்லை.

அடுத்த கோடையில் பரமேஸ் அக்கா அவரைக் கையில் பிடித்துக் கூட்டிவருவா. மடிப்புக் கதிரையில் தொப்பியோடு சாதுவாக இருப்பார். ஒருநாள் பக்கத்தில் இருந்த என்னைச் சுரண்டினார்.

"தம்பி, நல்லா விளையாடுறாங்கள். இது ஆற்ற டீம்?"

கையுறையைக் கழற்றியபடி வந்த வதனிக்குக் கேட்டுவிட்டது. அவர் முன்னால் குந்தி இருந்தாள்.

"உங்கட டீம் அப்பா."

அவர் சிரித்தார். முன்பின் தெரியாதவர் பகிடி விட்டால் மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரிப்போமே, அது. "சும்மா சொல்லாதேங்கோ பிள்ளை," என்றார். பிள்ளை என்றது மகளை இல்லை. ஊரில் எந்த இளம் பெண்ணையும் அப்படித்தான் சொல்வோம். வதனிக்கும் அது விளங்கியது. எழுந்துபோய்த் தன் இடத்தில் நின்றாள். அன்று அவள் கைக்கு வந்த பந்தெல்லாம் நழுவியது.

மழைக்காலத்தில் அவர் நித்திரையில் போனார். வதனி ஒரு கோடை அணியை இழுத்துப் பார்த்தாள். பிறகு பிரிஸ்பேனில் வேலை கிடைத்தது. கடையை விற்றுவிட்டுத் தாயும் கூடப் போனா. நியூசிலாந்துக் குடியுரிமை கிடைத்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராக அவுஸ்திரேலியாவுக்குக் கடல் தாண்டினார்கள். ராஜன் பேர்த்தில் இருப்பதாகக் கேள்வி. டெயரி இருந்த இடத்தில் முடிவெட்டும் கடை.

பல் பிடுங்கிய அன்று வாய் விறைத்த நிலையில் காரை மைதானத்துப் பக்கம் விட்டேன். ஒட்டி ஒட்டி மாடி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். எந்த இடத்தில் நின்று அடித்தோம், எந்தப் பக்கம் ஓடினோம் என்று பார்த்தேன், பிடிபடவில்லை. ஒரு வாசலில் குப்பைத்தொட்டி வைக்க வந்த பெண், யாரைத் தேடுகிறீர்கள் என்று அன்பாகக் கேட்டாள். ஒருவரையும் இல்லை என்று விறைத்த வாயால் சொல்லிவிட்டு, காரைத் திருப்பினேன்.