சுவரில் அடித்த தகரம்

விழுப்புரத்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்குப் பக்கத்து மாடியில் போன வாரம் தார் காய்ச்சினார்கள். தெருவே ஜன்னலைச் சாத்திக்கொண்டது. நான் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். தார் வாசனைக்கு மூக்கை நீட்டுகிற ஆள் இந்த ஊரிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

எனக்கு அது அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்கிற நாளின் வாசனை.

திண்டிவனத்தில் பாகம் பிரித்தபோது பெரியப்பாவுக்குத் தளம் போட்ட மெத்தை வீடு போயிற்று. எங்களுக்குப் பக்கத்துக் காலிமனை. அப்பா அவர் சுவரை ஒட்டியே ஷீட் போட்டு வீடு கட்டினார். பிரிவினையில் என்ன வார்த்தை வந்ததோ, அதன்பிறகு கல்யாணப் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்தாலும் இருவரும் பேசமாட்டார்கள். ஆனால் ஷீட்டும் சுவரும் சேர்கிற இடுக்கில் தண்ணீர் இறங்கினால் எங்கள் அடுப்பும் நனையும், அவர் சுவரும் ஊறும். அதனால் இடுக்கை மூடி ஒரு தகரப் பட்டையை அவர் சுவரில் ஆணியடித்து, விளிம்பில் தார் பூசியிருந்தார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் பெரியப்பா மெத்தைத் தளத்தில் நின்று இருமுவார். அப்பா ஏணியை எடுப்பார்.

"இந்த ஆணி ஆடுது பாருடா."

"ஆமாண்ணா, துரு புடிச்சிக்கினு கீது."

"ஜல்தியா ஊத்து, ஆறிடப் போவுது."

அப்படியே மல்லாட்டை, அதான் நிலக்கடலை, விலைக்குப் பேச்சு போகும். சிரிப்புகூடக் கேட்கும். "மேல பேசற வாயி கீழ எறங்கினா ஒட்டிக்குமா?" என்பாள் அம்மா.

பிறகு பெரியப்பா பக்கவாதத்தில் படுத்தார். பாண்டிச்சேரியில் வேலை பார்த்த அவர் மகன், என் அண்ணன், வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது தகரத்தைப் பிடுங்கிப் போட்டான். அப்பா புதுத் தகரத்தோடு போய் நின்றார்.

"எங்க செவுத்துல ஆணி அடிக்காதீங்க சித்தப்பா."

"ஒழுகினா ரெண்டு வூட்டுக்கும் பேஜாருடா."

"நீங்க தனியா செவுரு எழுப்பிக்கோங்க."

அந்த மழைக்கு அப்பா சாக்கு திணித்தார், சிமெண்ட் பூசினார். எதுவும் நிற்கவில்லை. ஒழுகலைப் பிடிக்கச் சட்டி பானையெல்லாம் தரைக்கு வந்துவிட, சமைக்கப் பாத்திரம் ஒன்றும் மிஞ்சவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் கட்டிலை ஒட்டிப் பூச்சு உதிர்கிறது என்று கேள்விப்பட்டு, அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுப் படி ஏறினார்.

பெரியப்பாவுக்கு வாய் கோணியிருந்தது. மெதுவாகக் கேட்டார். "ஏண்டா இந்த வருசம் மேல ஏறல? நான் இருமிக்கினேதான இருந்தேன்."

அண்ணன் வாசலில் நின்றிருந்தான். அப்பா அவனை ஒருமுறை பார்த்தார்.

"மறந்துட்டேண்ணா," என்றார்.

தை பிறப்பதற்குள் பெரியப்பா போய்விட்டார். சில வருஷத்தில் அப்பாவும் போனார். இரண்டு வீட்டையும் வாங்கினவர் இடித்து, ஒரே தளமாகப் போட்டுக் கடை கட்டிவிட்டார். ஒழுகுவதே இல்லையாம். போன மாதம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அண்ணனைப் பார்த்தேன். அவன் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படித்தான். நான் கைப்பைக்குள் எதையோ தேடினேன். சேர்ந்து ஏறிப் பார்க்க எங்களுக்கு ஒரு கூரையும் இல்லை.