திரும்பாத கோடு

அன்றைக்கு விமானக் கொட்டகையில் இருந்தவர்களைச் சொல்கிறேன். இஞ்சினியர் ஐயா. விமானத்தின் முதலாளி; அதை ஓட்டுகிறவரும் அவர்தான். தகடுகளுக்கு றிவெற் ஆணி அடிக்கிற சாவகச்சேரி அண்ணை. நான். நாலு பேர். குழாயில் கண் வைக்கும் துவாரம் ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு கண்தான் பார்க்கலாம். முழுக் கரைச்சலும் அதால்தான் வந்தது.

குழாய் என்று நாங்கள் சொல்வது போரஸ்கோப்பை. முழங்கை நீளத்தில் மெல்லிய இரும்புக் குழாய். நுனியில் மிளகளவு பல்ப், பக்கத்தில் சின்னக் கண்ணாடி. சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையால் விட்டால், இஞ்சினைப் பிரிக்காமலே உள்ளே பார்க்கலாம். இறக்கைக்குள்ளும் விட்டு, உப்புக்காற்று தின்ற இடம் இருக்கிறதா என்று பார்ப்போம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நீர்வேலித் தோட்டங்களில் தண்ணீர்ப் பம்பு திருத்திக்கொண்டிருந்தேன். என் கண் கூர்மை என்று சொல்லி என்னைக் கொட்டகைக்கு எடுத்தவர் ஐயா. அவருக்கு மூக்குக்கண்ணாடி. குழாயில் கண் வைக்கும்போது அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். ஆனால் இஞ்சின் பறக்கலாம் என்று கையெழுத்து வைக்கும் உரிமை அவருக்கு மட்டும்தான்.

நான் சொல்ல வந்த நாளுக்குச் சில மாதங்களுக்கு முன்பு ஆயுத பூசை வந்தது. ஆயுதங்களை எல்லாம் மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நானே சந்தனம் வைத்தேன். குழாய்க்குக் கண் வைக்கும் பக்கம் ஒரு பொட்டு. வேலை செய்வது நுனிதானே என்று நுனிக்கும் ஒன்று. பிறகு துடைத்தேன். துடைத்தது போதவில்லை. அடுத்த கிழமை முதலாவது சிலிண்டருக்குள் விட்டபோது மயிர்போல ஒரு கோடு தெரிந்தது. ஐயாவைக் கூப்பிட்டேன். அவரும் கண்டார். மற்றச் சிலிண்டர்களைப் பார்த்திருந்தால் எல்லாவற்றிலும் அதே கோடு இருந்திருக்கும். பார்க்கவில்லை. என்னை நம்பினார். முதலாளியின் பயணத்தை நிறுத்தி, சிலிண்டரைக் கழற்றினோம். உள்ளே கழுவி வைத்த கோப்பை மாதிரி இருந்தது. சாவகச்சேரி அண்ணை குழாயை வாங்கி, நகத்தால் சுரண்டி, மணந்து பார்த்தார்.

"ஐயா, உது சந்தனமெல்லோ."

முதலாளி சிரிக்கவில்லை. "இஞ்சினியர், இனி இஞ்சினுக்குத் தேவாரமும் பாடுவியளோ?" என்றார். ஐயாவின் காது சிவந்தது. என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். அன்றிலிருந்து அண்ணை என்னைச் சந்தனம் என்றே கூப்பிட்டார்.

பிறகுதான் நான் முதலில் சொன்ன நாள். மூன்றாவது சிலிண்டர். கீழ்ப் பிளக் ஓட்டையிலிருந்து புகை போகும் வால்வுப் பக்கம் ஒரு கோடு. குழாயை இழுத்து, நுனிக் கண்ணாடியை ஸ்பிரிற்றால் துடைத்தேன். மூன்று தரம் துடைத்தேன். திரும்ப விட்டேன். குழாயைத் திருப்பினேன். கண்ணாடியில் இருக்கிற அழுக்கு என்றால் குழாயோடு சேர்ந்து திரும்பும். இது நின்ற இடத்தில் நின்றது. மற்ற மூன்று சிலிண்டர்களையும் பார்த்தேன். சுத்தம். அதன் பிறகுதான் வாய் திறந்தேன்.

"ஐயா, மூண்டாவதிலை வெடிப்பு இருக்கு."

அண்ணை சுத்தியலைக் கீழே வைத்தார். "என்ன சந்தனம், இந்தமுறை குங்குமம் வைக்க மறந்திட்டியோ?"

"துடைச்சுப்போட்டுத்தான் பார்த்தனான். குழாயைத் திருப்பினன் ஐயா. கோடு திரும்பேல்லை."

ஐயா கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக் குனிந்தார். முதலாளி அவருக்குப் பின்னால் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். மறுநாள் காலை கொழும்புக்கு மூன்று பேர் பதிந்திருந்தார்கள். ஐயா நெடுநேரம் பார்த்தார். குழாயை ஒருக்கால் திருப்பினார். நிமிர்ந்தவர் என்னைப் பார்க்கவில்லை, முதலாளியைப் பார்த்தார்.

"கரி படிஞ்ச கோடு. ஓடலாம்."

"இன்னொருக்கா வடிவாப் பாருங்கோ ஐயா."

"பார்த்தாச்சு, இனிக் காணும்."

முதலாளியிடம் குழாயை நீட்டினேன். நீங்களாவது பாருங்கோ என்றேன். "ரெண்டு பேர் பார்த்தது காணும். அதிலை ஒராள் படிச்சவர்" என்றார். ஐயா கையெழுத்து வைத்தார்.

இஞ்சினும் எனக்கு எதிராகவே நின்றது. காற்றழுத்தம் பார்த்தால் சரியாக இருந்தது. சத்தம் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு பறப்புக்கும் சில்லு உருளாமல் வைத்த முண்டுக்கட்டையை எடுக்கிறவன் நான். கதவு இறுகல், வெளியில் நின்று அடித்துத்தான் பூட்ட வேண்டும். அதுவும் நான். கந்தோரில் உத்தியோகம் பார்க்கிறவர்கள் வந்தார்கள். சுன்னாகத்து வெங்காய வியாபாரி ஒருவர் வந்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் வந்தா. இறங்குங்கோ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? இஞ்சினியர் பார்த்து ஓடலாம் என்றதை ஐந்தாம் வகுப்புக்காரன் கூடாது என்கிறான். அதுவும் இஞ்சினுக்குள் சந்தனம் கண்டவன். நான் சொல்லவில்லை. கதவை அடித்துப் பூட்டினேன். ஐயாவோடு எனக்கிருக்கும் கோபத்தில் பாதி என்னோடுதான்.

ஐயாவிடம் இன்னும் ஒரு தரம் கேட்டேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "கையெழுத்து என்ரை. உம்மடை தலையிலை ஒரு பழியும் இல்லை" என்றார். அது எனக்கு ஆறுதல் என்று நினைத்துச் சொன்னாரோ தெரியாது. ஆறவில்லை.

இப்படிச் சில கிழமை போன பிறகு ஒருநாள், பறந்து இறங்கி வந்த முதலாளி, இஞ்சின் உதறுகிறது என்றார். மூன்றாவது சிலிண்டரின் வெளிப்பக்கம் கறுப்பாகப் புகை கசிந்திருந்தது. கழற்றினோம். ஐயா அதைப் பெற்றோலில் கழுவி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அதே நாலு பேர். குழாய் தேவைப்படவில்லை, எல்லாரும் ஒன்றாகப் பார்த்தோம். ஐயா பெருவிரல் நகத்தைக் கோட்டின் மேல் ஓட்டினார். நகம் வெடிப்பில் தடக்கியது.

"உதோ நீர் சொன்னது?"

"ஓம்."

முதலாளி வெளியே போனார். அண்ணை அதன் பிறகு என்னைச் சந்தனம் என்று கூப்பிடவில்லை. கொஞ்ச நாள் ஒன்றும் சொல்லியே கூப்பிடவில்லை. ஐயாவோடு பிறகும் மூன்று வருடம் வேலை செய்தேன். என் கலியாணத்துக்கு வந்து, முன் வரிசையில் இருந்து சாப்பிட்டார். அன்றைக்குக் குழாயில் அவர் கண்டாரா, காணவில்லையா என்பதைச் சொல்லவில்லை. காணாவிட்டால் கண் குற்றம், மன்னிக்கலாம். கண்டிருந்தால்? அவர் காலமாகிவிட்டார். இனி யாரிடம் கேட்பது?

இப்போது குழாயின் நுனியில் காமெரா வைத்து, படத்தைத் திரையில் போட்டு, எல்லாரும் சேர்ந்து பார்க்கிறார்களாம். மகன் சொன்னான். கேட்டு எனக்குச் சந்தோசம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

சிலிண்டரைக் கழற்றிய அன்று பின்னேரம், பயணிகள் பேர் எழுதுகிற கொப்பியை எடுத்தேன். ஐயா கையெழுத்து வைத்த நாளிலிருந்து அன்று வரை. இங்கிருந்து ஏறியவர்களை, நான் கதவு பூட்டி அனுப்பியவர்களை மட்டும் எண்ணினேன். இரண்டு தரம் எண்ணினேன்.

நாற்பத்து மூன்று பேர்.