பரலோகத்துக்கு எத்தனை நாற்காலி

அந்தத் தச்சுப் பட்டறைக்குள் யார் நுழைந்தாலும் அரை இஞ்சு கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை பேர் உட்காரணும்?" வந்தவர் பதில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்ததாக அவர் எண்ணிக்கொள்வார். மீதிப் பாதியை மரம் பார்த்துக்கொள்ளும்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் அதை யாராவது உரக்கப் படிப்பார்கள். மற்ற நாளெல்லாம் அவர் அரை இஞ்சுதான். எதைக் காட்டினாலும் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "அரை இஞ்சு தூக்கல்" என்று தீர்ப்புச் சொல்கிறவருக்கு வேறு என்ன பெயர் கிடைக்கும்? மனைவியை முதன்முதலில் சந்தித்த அன்றும் அவர் கண் போனது அந்தப் பெண்ணின் முகத்துக்கு அல்ல, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் பின்னங்காலுக்கு. "எழுந்திருங்க, கால் ஆடுது" என்பதுதான் அவர் பேசிய முதல் காதல் வசனம். அந்த அம்மாள் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

பக்தியில் அவர் பெரிய ஆள் இல்லை. மனைவிக்குத் துணையாகக் கோயிலுக்குப் போவார், கடைசி பெஞ்சில் உட்காருவார். அந்தப் பெஞ்சைச் செய்தவரும் அவரே. பிரசங்கத்தின் இரண்டாம் பாகத்துக்கு எந்தச் சாய்வு உகந்தது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்தச் சபையில் கிடையாது.

பட்டறையில் அவருக்குக் கூட்டாளி மனைவியின் தம்பி. மெத்தை வைப்பது, துணி போர்த்துவது, ஆணி அடிப்பது எல்லாம் அவன் வேலை. ஊருக்கு அவன் பஞ்சு. மாமன் மரச்சட்டத்தைச் செய்து முடித்து நகர்த்தினால், மச்சினன் வாய் நிறையச் சின்ன ஆணிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உதட்டிலிருந்து எடுத்து அடிப்பான். வாயில் ஆணியோடு இருப்பவனிடம் யாராலும் சண்டை போட முடியாது. அவர்கள் கூட்டு இத்தனை வருஷம் நிலைத்ததன் ரகசியம் இதுதான் என்று ஊர் சொன்னது.

ஒரு வருஷத்துக்கு முன்னால் பஞ்சு, பஸ் டிப்போவுக்குப் பின்புறம் கூடும் ஒரு சிறு சபையில் சேர்ந்தான். கடவுள் ஒருவரே, மூவர் என்பது பிற்காலத்துச் சங்கதி என்பது அவர்கள் உபதேசம். அன்று முதல் அவன் பேசுவதற்காக ஆணிகளை வெளியே எடுக்க ஆரம்பித்தான்.

"திரித்துவம்னு ஒரு வார்த்தை வேதத்துல எங்க இருக்கு மாமா? காட்டுங்க, நான் உங்க காலைக் கழுவுறேன். நல்ல மரத்து மேல பின்னாடி வந்தவங்க ஒட்டின மைக்கா ஷீட் அது."

"மைக்காவைப் பத்தி என்கிட்ட பேசாத மாப்ள, வயிறு எரியும்" என்று அரை இஞ்சு இழைப்புளியைத் தள்ளிக்கொண்டே போய்விடுவார். அவருக்கு அந்த வழக்கில் கட்சி இல்லை.

கட்சி எடுக்க வேண்டிய நாள், ஆர்டராக வந்தது. மனைவி போகும் கோயிலின் போதகரும் செயலாளரும் பட்டறைக்கு வந்தார்கள். செயலாளர் மருந்துக்கடைக்காரர். எந்தக் கேள்விக்கும் காலை ஒன்று, இரவு ஒன்று என்பதுபோல் பதில் சொல்லும் மனிதர். புது மண்டபத் திறப்புக்குப் பாடகர் குழு ஒரு நாடகம் போடுகிறது. கடைசிக் காட்சி பரலோகம். ஒரு சிங்காசனம் வேண்டும்.

"எத்தனை பேர் உட்காரணும்?" என்றார் அரை இஞ்சு.

"யாரும் உட்கார மாட்டாங்க" என்றார் போதகர். "கடவுளா நடிக்க ஒருத்தரை ஏத்துறது சரியில்ல. வெறும் நாற்காலி, மேல வெளிச்சம். அவ்வளவுதான்."

"சரி ஐயா. உட்காராதவங்க எத்தனை பேர்?"

மருந்துக்கடைக்காரர் தயங்கவில்லை. "மூணு. இதுல என்ன சந்தேகம்? பிதா, குமாரன், பரிசுத்த ஆவி."

மூலையில் ஆணிகள் ஒரு தகரத் தட்டில் கொட்டும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு" என்றான் பஞ்சு. "நம்ம கர்த்தர் ஒருத்தரேன்னு மோசே சொன்னதை இயேசுவே எடுத்துச் சொன்னாரு. மூணு நாற்காலி போட்டா அது பரலோகம் இல்ல, சலூன்."

"பரலோகத்துல சாட்சி சொல்றவங்க மூணு பேரு, மூணு பேரும் ஒண்ணுன்னு புதிய ஏற்பாட்டு நிருபத்துல அச்சடிச்சிருக்கு தம்பி!" என்றார் செயலாளர்.

"புது மொழிபெயர்ப்பைப் பிரிச்சுப் பாருங்க சார். அந்த வரி பக்கத்துக்கு அடியில பொடி எழுத்துல கிடக்கு. பழைய கையெழுத்துப் பிரதிங்கள்ல அது இல்லவே இல்லையாம்."

காலாவதியான மருந்தை விற்றுப் பிடிபட்டவர்போல் செயலாளர் போதகரைப் பார்த்தார். போதகர் நேர்மையான மனிதர். "தம்பி சொல்றது சரிதான். அந்த வரியை வெச்சு நான் பிரசங்கம் பண்றதில்ல. திரித்துவம்ங்கற வார்த்தையும் வேதத்துல இல்ல. ஆனா குமாரன் ஞானஸ்நானத்துக்கு ஆத்துல நிக்கறாரு, ஆவி புறாபோல இறங்குது, வானத்துலருந்து அப்பா குரல் வருது. மூணும் ஒரே நேரத்துல. அதை என்னன்னு சொல்வே? படிச்சவங்க பார்த்ததுக்கு ஒரு பேர் தேடினாங்க, அவ்வளவுதான்."

"பிதா என்னைவிடப் பெரியவர்னு அவரே சொன்னாரே ஐயா?"

"நானும் பிதாவும் ஒண்ணுன்னும் அவரேதான் சொன்னாரு."

இருவரும் மூச்சு வாங்கினார்கள். கடைசியில் பஞ்சு சொன்னான்: "மூணு மெத்தை தைக்கச் சொன்னா நான் தைக்க மாட்டேன். பெரிய சோபா கம்பெனியில என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. போயிடுறேன்."

"ஒத்தை நாற்காலி போட்டா என் கமிட்டி என்னைப் பொடி எழுத்துல தள்ளிடும்" என்றார் செயலாளர்.

போதகர் அப்போது ஒரு பிழை செய்தார். மனித குலத்திலேயே தச்சர்களிடம் மட்டும் செய்யக் கூடாத பிழை அது. "நீங்களே வேதத்தைப் பார்த்துச் செய்ங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். "அளவு அதுலதான் இருக்கு."

வீட்டில் மனைவி சோற்றைத் தட்டில் வைத்த வேகத்திலேயே விஷயம் அங்கே வந்து சேர்ந்துவிட்டது புரிந்தது. "ஏங்க, எனக்கு இருக்கறது ஒரே தம்பி. அவன் போனா, நீங்க அந்த மூணு நாற்காலியில ஒண்ணுல போய்ப் படுத்துக்கங்க. இங்க வராதீங்க."

அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். பஞ்சு இல்லாத பட்டறையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சட்டம் செய்வார், அதற்கு மேல் யார் கை வைப்பது?

மறுநாள் மனைவியின் வேதத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். காதில் பென்சில், மடியில் புத்தகம். பக்தன் படிப்பதுபோல் அல்ல, வரைபடம் படிப்பதுபோல் படித்தார். நோவாவின் பேழை வந்ததும் முகம் மலர்ந்தது. நீளம், அகலம், உயரம் எல்லாம் முழக்கணக்கில் ஒழுங்காகக் கொடுத்திருந்தது. சாலொமோனின் ஆலயத்திலும் குறை சொல்ல இடமில்லை. இப்படி அளவு கொடுக்கத் தெரிந்தவர் தன் சொந்த நாற்காலிக்கும் கொடுத்திருப்பார் என்ற நம்பிக்கையோடு மேலே போனார்.

கொடுத்திருக்கவில்லை.

ஏசாயா தீர்க்கதரிசி ஒரு சிங்காசனம் பார்த்திருந்தார். உயரமானது என்ற குறிப்பு மட்டும் இருந்தது. உட்கார்ந்திருந்தவருடைய உடையின் ஓரமே ஆலயத்தை நிறைத்திருந்ததாம். அரை இஞ்சு பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். துணியின் ஓரம் ஒரு ஆலயம் என்றால் இருக்கையின் அகலம் என்ன? கணக்குப் போட முயன்று பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார். பல பக்கம் தள்ளி, வானம் எனக்கு நாற்காலி, பூமி கால் வைக்கும் பலகை என்றது. அவர் குனிந்து பட்டறைத் தரையைப் பார்த்தார். மரத்தூள் படிந்த அந்தத் தரையில் இத்தனை வருஷம் செருப்போடு நடந்திருக்கிறார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

அன்றிலிருந்து வேலை ஓடவில்லை. யாரோ கொடுத்த சாப்பாட்டு மேசை மூன்று காலோடு நின்றது. கடைசிப் புத்தகத்தில் ஒரு சிங்காசனமும், அதன் நடுவில் அடிக்கப்பட்டதுபோல ஓர் ஆட்டுக்குட்டியும் இருந்தன. ஆட்டுக்குட்டி என்றது குமாரனையே. பிதாவுக்கும் அவருக்கும் சேர்த்து நாற்காலி ஒன்றுதான். மூன்றாமவரான ஆவிக்கு இடம் தேடினார். முதல் பக்கத்தில் தண்ணீர்மேல் அசைந்துகொண்டிருந்தார். அப்புறம் காற்றாக வந்தார், புறாவாக இறங்கினார். நிற்கிற ஆளாகத் தெரியவில்லை. கடைசியில் ஒரு மேல்வீட்டு அறையில் அக்கினி நாக்குகளாக வந்து, முதல்முறையாக, அமர்ந்தார். எதன்மேல்? அங்கே இருந்த சீடர் ஒவ்வொருவர் மேலும்.

அரை இஞ்சு புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள."

பஞ்சு ஆணி வாயோடு திரும்பினான்.

"ஒருத்தனைக் கல்லால அடிச்சுக் கொல்றாங்க, படிச்சிருக்கியா? ஸ்தேவான். அவன் மேல பார்க்கறான். கடவுளோட மகிமை தெரியுது. அவர் வலது பக்கத்துல இயேசு. உட்காரல, எழுந்து நிக்கறாரு. மத்த இடத்துல எல்லாம் உட்கார்ந்தாருன்னு போட்டிருக்கு. இவனுக்காக எழுந்துட்டாரு போல."

பஞ்சு அடிப்பதை நிறுத்தினான்.

"ஆவி எங்கேன்னு தேடினேன். மேல இல்ல. பார்க்கறானே, அவனுக்குள்ள இருக்கு. ஆவியால நிறைஞ்சுதான் அவன் பார்த்தான்னு எழுதியிருக்கு. ஒருத்தர் மேல, ஒருத்தர் எழுந்து நின்னுக்கிட்டு, ஒருத்தர் அடி வாங்கறவன் உடம்புல. நான் மூணாவது நாற்காலியைப் பரலோகத்துல தேடிக்கிட்டிருந்தேன் மாப்ள."

ஆணிகள் தட்டில் விழுந்தன. மெதுவாக. "இதுல மூணு பேரும் ஒரே கடவுள்னு எங்க மாமா எழுதியிருக்கு?"

"எழுதல."

"அப்ப?"

"அப்ப ஒண்ணுமில்ல. பாஸ்டர் சொல்றதும் தெரியல, நீ சொல்றதும் தெரியல. அளவெடுக்கப் போனேன். பென்சிலைக் கீழ வெச்சுட்டு வந்தேன்."

மச்சினன் மாமனைப் பார்த்தான். அதைக் கேலி செய்ய அவனுக்கு ஒரு டஜன் வழி தெரியும். தட்டிலிருந்த ஆணிகளை அள்ளித் திரும்ப வாயில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் அரை இஞ்சு, கைவசம் இருந்ததிலேயே நல்ல பலகைகளை எடுத்தார். ஒரே சிங்காசனம். நடுவில் கைப்பிடி கிடையாது, பிரிப்பு கிடையாது. பலகையோடு பலகை சேர்த்துக்கொண்டே போனார்.

"ஒருத்தருக்கு எதுக்கு மாமா இவ்வளவு அகலம்?"

"நடுவுல ஆட்டுக்குட்டி இருக்குன்னு உன் வேதத்துலயும்தானே போட்டிருக்கு?"

"போட்டிருக்கு" என்று ஒப்புக்கொண்டான் பஞ்சு. வேறு பேச்சில்லாமல் ஒரே மெத்தையாகத் தைத்தான். அத்தனை நீளத்துக்குத் தையல் ஓர் இடத்திலும் கோணவில்லை.

முடிந்தபோது ஒரு சிக்கல் முளைத்தது. செய்த நாற்காலியில் பஞ்சு தொப்பென்று விழுந்து உட்கார வேண்டும், அரை இஞ்சு குனிந்து காது கொடுத்துக் கிறீச்சிடுகிறதா என்று கேட்க வேண்டும். அப்படிச் சோதிக்காமல் எந்த நாற்காலியும் அந்தப் பட்டறையை விட்டுப் போனதில்லை. பஞ்சு கையைத் துடைத்தான். முன்னால் போனான். திரும்பி வந்தான்.

"மாமா, நீங்க உட்காருங்க. நான் கேட்கறேன்."

"நான் மாட்டேன்."

"நாடகச் சாமான்தானே மாமா?"

"அப்ப நீ உட்காரு."

சாப்பாடு கொண்டுவந்த மனைவி இருவரையும் பார்த்தாள். "என்ன, ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு நிக்கறீங்க?" என்று தூக்குச்சட்டியை அந்த மெத்தைமேல் வைக்கப் போனாள். "அக்கா!" "ஏய்!" என்று இரண்டு ஆண்களும் அலறியதில் குழம்பு பாதி தரைக்குப் போனது. கடைசியில் ஆளுக்கொரு பக்கம் மண்டியிட்டு, உள்ளங்கைகளை ஊன்றி, உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினார்கள். கிறீச்சிடவில்லை. சோதனை முடிந்த பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மாள் தரையைத் துடைத்துக்கொண்டே, இவர்களுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று முணுமுணுத்தாள். பிறகு அவளும் துணியை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள்.

சிங்காசனம் மண்டபத்து வாசலில் நுழையவில்லை. எப்படிச் சாய்த்தாலும் நுழையவில்லை. அந்தக் கோயிலில் கால் வைப்பதில்லை என்று சபதம் செய்திருந்த பஞ்சுதான் கதவைக் கீலோடு கழற்றினான், பின்பக்கமாக நடந்து தன் பாதியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். சபதம் முன்பக்கமாக நுழைவதைப் பற்றியது மட்டும்தான் என்று வழியில் விளக்கமும் கொடுத்தான்.

செயலாளர் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்தார். "மூணு பேருக்கும் தாராளமா இடம் இருக்கு. கமிட்டி ஒத்துக்கும்."

"ஒண்ணுதான் சார். நல்லா எண்ணிப் பாருங்க" என்றான் பஞ்சு.

போதகர் இரண்டையும் காதில் வாங்கவில்லை. "அகலத்தை எப்படி முடிவு பண்ணீங்க?" என்று அரை இஞ்சுவிடம் கேட்டார்.

"முடிவு பண்ணல ஐயா. பலகை தீர்ந்துபோச்சு."

ஒத்திகைக்காக விளக்கைப் போட்டார்கள். ஒருவரும் உட்காராத அந்த மெத்தைமேல் வெளிச்சம் விழுந்தது. ஒருவர் இருமியதற்கே மற்றவர்கள் திரும்பி முறைத்தார்கள். அரை இஞ்சு தன் வாழ்நாளில் செய்த நாற்காலிகளிலேயே இது ஒன்றைத்தான் ஒரு கண்ணை மூடிப் பார்க்கவில்லை. இரண்டு கண்ணும் போதவில்லை.

வெளியே வந்து, கழற்றிய கதவைத் திரும்ப மாட்ட, இருவரும் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்தார்கள்.

"மாமா, அந்தச் சோபா கம்பெனிக்காரனுக்கு வரலைன்னு சொல்லிடறேன்."

"ஏன் மாப்ள?"

"உங்களைத் தனியா விட்டா ஒவ்வொரு வீட்டுக் கதவையும் கழட்ட வெச்சிருவீங்க." கீலைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தான். "ஆனா அவரு ஒருத்தர்தான் மாமா. அதுல மாத்தமில்ல."

"சரிடா. உன் பக்கம் கொஞ்சம் தூக்கு."