சித்தி முகத்தின் மேல் ரோஜாப்பூ

எங்கள் ஊரில் தீபாவளி சித்திரையிலேயே தொடங்கிவிடும். அப்பா சிவகாசியில் அச்சகம் வைத்திருந்தார். பட்டாசுப் பெட்டிகளுக்கான அட்டைகளை வெயில் காலத்திலேயே அடித்து முடித்தால்தான் சீசனுக்கு லோடு போகும். அப்படியொரு சித்திரையில்தான் அம்மாவின் தங்கை, என் சித்தி, இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணிக்குத் தேர்வானாள். வேகப்பந்து வீச்சாளர். செய்தி வந்த வாரமே அப்பா நாரணாபுரத்துப் பட்டாசு முதலாளி ஒருவரிடம் பேசி, புஸ்வாணப் பெட்டியில் சித்தியின் படத்தைப் போட ஆர்டர் வாங்கிவிட்டார்.

படத்தில் சித்தியின் கையில் மட்டை இருந்தது. பந்தைக் கொடுத்தால் உள்ளே இருப்பது அணுகுண்டு என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள் என்றார் வரைந்தவர். சித்தியின் நிறத்தையும் நன்றாக வெளுத்திருந்தார். அப்பாவுக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை. பள்ளி திறந்ததும் நான் ஒரு பெட்டியைக் கொண்டுபோய் வகுப்பு முழுவதும் சுற்றவிட்டேன்.

ஆனியில் வெளிநாட்டுத் தொடர். எல்லா ஆட்டங்களையும் அப்பாவின் போனில் பார்த்தோம். சித்தி ஒன்றிலும் ஆடவில்லை. விக்கெட் விழும்போதெல்லாம் மஞ்சள் மேல்சட்டையோடு தண்ணீர் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள், ஓடிப் போனாள். அடுத்த தொடருக்கான அணியில் அவள் பெயரே இல்லை. அதற்குள் பாதிப் பெட்டிகள் புஸ்வாணம் அடைத்து வடக்கே போய்விட்டன.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள்தான் முதலில் கேட்டாள்.

“ஏட்டி, ஒங்க சித்தி தண்ணி குடுக்கத்தான் பிளேன் ஏறிப் போனாகளா? புஸ்வாணத்துல படம் போட்டது சரிதான்.”

வயிற்றுவலி என்று சொல்லி நான் பள்ளிக்குப் போகாமல் இருந்தேன். அந்தப் பெட்டி அடுக்கிய கடையைத் தாண்டும்போது என் செருப்பைப் பார்த்தபடி நடந்தேன். வீட்டிலும் அப்படித்தான். அச்சகத்துக்கு ஆள் வந்தால் அப்பா மாதிரிப் பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளினார். கல்யாண வீடுகளில் அம்மா, தங்கைக்குத் தோளில் காயம் என்றாள். காயம் எதுவும் இல்லை.

புரட்டாசியில் சித்தி வந்தாள். பையை இறக்கிவைத்ததும் அச்சகத்துக்குப் போய், இன்னும் அனுப்பாமல் அடுக்கியிருந்த வெறும் பெட்டிகளைப் பார்த்தாள். தன் படத்தை மறைத்து வேறு எதையாவது ஒட்டச் சொன்னாள். உள்ளுக்குள் அப்பாவுக்கும் அதுதான் ஆசை. ஆனாலும் ஒப்புக்கு மறுத்தார்.

“கொளுத்திட்டுத் தூரப் போடுற பெட்டிதானே தாயி, யாரு பாக்கப் போறா?”

“ஆடாத ஆளு படம் எதுக்கு அத்தான்? ஆடுனதுக்குப் பெறகு போடுங்க. அப்பவாவது கையில பந்தைக் குடுங்க.”

பழைய ஆர்டரில் மிஞ்சிய ரோஜாப்பூ லேபிள்கள் கிடந்தன. அச்சகத்துப் பெண்களோடு நானும் உட்கார்ந்து ஒட்டினேன். ஓரம் பிரியாமல் இருக்க ஒவ்வொரு பூவையும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். அந்தச் சில மாதங்களில் நான் அவ்வளவு உற்சாகமாகச் செய்த வேலை வேறு இல்லை. சித்தி எனக்கு எதிரில் உட்கார்ந்து, தன் முகத்தின் மேல் தானே பூவை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“மெதுவாட்டி, மூக்கு நசுங்கிரப் போகுது” என்றாள்.

தீபாவளியன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு சித்தியைக் காணவில்லை. உறவுக்காரர்கள் வந்து விசாரிப்பார்கள் என்று ஒளிந்துகொண்டாள் என்றே நினைத்தேன். எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. அம்மா என்னிடம் அதிரசம் கொடுத்துத் தேடிவரச் சொன்னாள். பள்ளி மைதானத்தில், வெடிப்புகைக்கு நடுவே ஒற்றைக் குச்சியை நட்டு, சித்தி பந்து வீசிக்கொண்டிருந்தாள். அதிரசத்தைத் தின்றுவிட்டு, என்னைக் குச்சிக்குப் பின்னால் நின்று பந்தைப் பொறுக்கிப் போடச் சொன்னாள். பொறுக்கிப் போட்டேன். தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று ரோட்டையும் பார்த்துக்கொண்டேன்.

சீசன் வேலை முடிந்து ஊரே பட்டாசுக் கம்பெனிகளைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்த நாள் அது. சித்தி மட்டும் வேலைக்குப் போயிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.